மாரியாயி வரிசை

கணினித் திரையில் மற்ற வரிசைகளின் பச்சைப் பட்டைகள் எல்லாம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்க, வாய்க்கால் ஓரத்து வரிசையின் பட்டை மட்டும் உச்சி வெயிலில் நிற்பதுபோலத் திரையின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. சிவமலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். திரையையும் துடைத்துப் பார்த்தாள். நின்றது நின்றதுதான்.

சன்னலுக்கு வெளியே வெயில் என்று ஒன்று கிடையவே கிடையாது. தொண்ணூற்றேழாம் வருஷத்துச் செப்டம்பர் அது. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரிந்துகொண்டிருக்க, அந்தப் புகை முழுக்க வந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் தலையில் உட்கார்ந்துகொண்டு, போவேனா என்று அடம்பிடித்தது. வீடு இருந்த பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பும்போதே காரின் முன்விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். வழியெல்லாம் ஆட்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு நடந்தார்கள். பத்துமலையில் மலையே காணாமல் போய்விட்டது என்று வானொலியில் ஒருவன் வேடிக்கை பேசினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டெங்கிலை நெருங்க நெருங்கப் புகை பழுப்பு நிறமாகி, ஈரச் சாக்கை எரித்த வாடை காருக்குள் ஏறியது.

டெங்கிலுக்குப் பக்கத்தில் ரப்பர் மரம் நின்ற ஒரு பழைய கித்தா தோட்டத்தை மொட்டையடித்து, நிலம் முழுக்கக் கண்ணாடித் தகடுகளை இடுப்பு உயரத்தில் வரிசை வரிசையாகச் சாய்த்து நிறுத்தி, ஒரு கம்பெனி சோதனைக்காகப் போட்ட சூரிய மின்நிலையம் அது. விழுகிற வெயில் எவ்வளவு, அதிலிருந்து வருகிற மின்சாரம் எவ்வளவு, நடுவில் தொலைகிறது எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இன்ஜினியர் சிவமலரின் உத்தியோகம். புகை வந்த நாளிலிருந்து அவளுக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. கூரைமேல் வெயிலை அளக்கும் கருவி செத்துப்போனதுபோல் கிடந்தது. தகடுகளின்மேல் சாம்பல் படிந்தது. எல்லா வரிசையும் படுத்துக்கொண்டன. இந்த ஒன்றைத் தவிர.

"மீட்டர் பழுதாகியிருக்கும் சார்" என்றாள்.

நிலையத்தின் மேனேஜர் பாலசுந்தரம் தேநீரை ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சை மூன்று தலைமுறையாக விடாத குடும்பம். இரைந்து பேசவே மாட்டார். அதனால்தான் அவர் வாயைத் திறந்தால் ஆட்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

"போன கிழமை அதே மீட்டரைப் பார்த்துச் சரியெண்டு சொன்னது ஆர், நீர்தானே?"

"ஆமா சார். ஆனா வெளியில வெயிலே..."

"நிக்கிறதைக் குறை சொல்லாதேயும் பிள்ளை. படுத்துக் கிடக்கிறதுகளைப் பாரும். வியாழக்கிழமை தலைமையகத்தில இருந்து ஆக்கள் வருகினம். எல்லா வரிசையும் இதைப் போல நிக்கவேணும். இல்லாட்டி உம்மட கதிரைக்கு வேற ஆள் வரும்."

சொல்லிவிட்டு அவர் தேநீரைக் குடித்தார். மனுஷனுக்கு வெயில் எங்கிருந்து வருகிறது என்ற கவலையே இல்லை என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டே எழுந்தாள்.

வாசு இருந்திருந்தால் அவனைத்தான் அனுப்பியிருப்பாள். டெக்னீஷியன் வாசு ஒருவன்தான் அந்த இடத்தில் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசுகிறவன். முதல் வாரத்தில் அவள் கார் சேற்றில் மாட்டிக்கொண்டபோது, சட்டையைக் கழற்றிச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தள்ளிவிட்டவன். அவன் அம்மா மாரியாயி இங்கேதான் தகடு கழுவும் வேலை பார்த்தாள். இப்போது உடம்புக்கு முடியாமல் கிள்ளானில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காலையில் அவளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தான்.

அதனால் அவளே முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு இறங்கினாள்.

படியிறங்கிக் கொஞ்சம் நடந்ததுமே பின்னால் அலுவலக அறை மறைந்துவிட்டது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தின் சேவல்கூடப் பகலா இராத்திரியா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சாம்பல் பூத்த தகடுகள் புகையிலிருந்து ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாகப் புகைக்குள் போயின. தூரத்தில் யாரோ இருமினார்கள். அப்புறம் அதுவும் நின்று, வாய்க்கால் பக்கமிருந்து ஒரு ரீங்காரம் மட்டும் கேட்டது. அந்த வரிசையின் இன்வெர்ட்டர் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. வெயில் இல்லாவிட்டால் தானாகத் தூங்கிவிட வேண்டிய பெட்டி அது.

வரிசை சுத்தமாக இருந்தது. அப்போதுதான் யாரோ கழுவித் துடைத்துவிட்டுப் போனதுபோல் கண்ணாடியின் கீழ்விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிவமலர் கையை வைத்தாள், வெடுக்கென்று எடுத்தாள். கண்ணாடி சுட்டது. பொழுதெல்லாம் வெயிலில் காய்ந்த சூடு.

எடுத்த கையின் நிழல் கண்ணாடிமேல் கிடந்தது.

அவள் விரலை விரித்தாள். நிழலும் விரலை விரித்தது. ஓரம் கூர்மையாக, நல்ல வெயிலில் விழுகிற நிழல். நிமிர்ந்து பார்த்தாள். மேலே பழுப்புப் புகையைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் பிடரியில் சுள்ளென்று உறைத்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தபோது அவள் தலையின் நிழலுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரசுகிற நெருக்கத்தில், துண்டு கட்டிய இன்னொரு தலையின் நிழல் இருந்தது.

திரும்பினாள். யாரும் இல்லை.

எப்படி ஓடி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கழுவும் சாமான்கள் வைக்கிற தகரக் கொட்டகையில் வந்து மோதிக்கொண்டுதான் நின்றாள். உள்ளே இராஜம்மா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல், எந்நேரமும் யாரையாவது கேலி பண்ணிக்கொண்டிருக்கிற பொம்பளை. சிவமலரின் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டாள்.

"அந்த வரிசைக்குப் போனீங்களா மிஸ்?"

"யாரக்கா அதைக் கழுவுறது?"

இராஜம்மா தண்ணீர்ப் பானைப் பக்கம் போனாள். அவளுக்கு ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அது மாரியாயி வரிசை. அவ படுத்ததுலேர்ந்து யாரும் அத தொடல. நாங்க அந்தப் பக்கமே போறதில்ல மிஸ். ஆனா காலைல பாத்தா தண்ணி சொட்டிக்கிட்டு நிக்கிது."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"தொரைகிட்டயா? நல்லாச் சொன்னீங்க போங்க. மாரியாயி வரலன்னு தெரிஞ்சா பேர வெட்டிருவாரு. பேர வெட்டுனா வூடு போச்சு."

வேலிக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகள் இன்னும் மிச்சம் இருந்தன. தகடு கழுவுகிறவர்கள் எல்லாருமே அந்தத் தோட்டத்து ஆட்கள்தான். வேலையில் பேர் இருக்கிறவரைதான் வீடு என்பது கம்பெனியின் சட்டம். அதனால் தோட்டத்து வழக்கப்படியே காலையிலும் வேலை முடியும்போதும் பெரட்டு நடந்தது. ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். புகை வந்த பிறகு பாலசுந்தரம் அறையை விட்டு இறங்குவதில்லை. பேர்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். சன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் கூப்பிடுவார், புகைக்குள்ளிருந்து குரல்கள் வரும். முகம் பார்க்கிற வேலை இல்லை.

"அப்போ மாரியாயி பேருக்கு யாரு குரல் குடுக்குறா?"

"வேற யாரு, நாந்தான்" என்றாள் இராஜம்மா. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "தோட்டத்துல எப்பவுமே அப்படித்தான் மிஸ். ஒருத்தி காய்ச்சல்ல கெடந்தா இன்னொருத்தி கொரல் குடுப்பா. எனக்கு மொதப் பிரசவத்தப்போ மாரியாயிதான் குடுத்தா. அவளுக்கு நான் குடுக்க மாட்டனா?"

"எப்போ ஆரம்பிச்சீங்க?"

"சும்மா காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தா. அன்னைக்கிக் குடுத்தேன். மறுநாள்தான் அவளுக்குப் பேச்சு நின்னுபோயி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனாங்க."

பயம் என்பது அதுவரை சிவமலரின் நெஞ்சுக்குள் சும்மா படபடத்துக்கொண்டு இருந்தது. இப்போது அதற்கு ஒரு வடிவம் வந்துவிட்டது: ஒருத்தி பேருக்கு இன்னொருத்தி குரல் கொடுத்த மறுநாளே அவள் குரல் போயிருக்கிறது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் வாசு வந்து சேர்ந்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக அவளிடம்தான் வந்தான். முகமெல்லாம் சாம்பல். கண் இரண்டும் சிவந்திருந்தன. அது புகையால் மட்டும் இல்லை.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"டாக்டருக்கே ஒன்னும் புரியல லா மிஸ். தொண்டையில ஒரு கோளாறும் இல்லன்றாங்க. வாயத் தொறக்குறாங்க, சத்தம் வரல. மொகம், கழுத்தெல்லாம் வெயில்ல கெடந்தமாரி கறுத்து, தோலு உரியுது. வார்டுக்குள்ள படுத்திருக்குறவங்களுக்கு ஏது மிஸ் வெயிலு?" அவன் கையை முன்னால் நீட்டி, மேலும் கீழுமாக எதையோ துடைப்பதுபோல் அசைத்துக் காட்டினான். "கையி மட்டும் இப்படியே பண்ணிக்கிட்டே இருக்கு. தூக்கத்துலயும். நான் புடிச்சுப் பாத்தேன், நிக்கல."

அவன் அழுதுவிடுவான்போல் இருந்தது. இவனை இங்கே ஒரு நிமிஷம்கூட வைத்திருக்கக் கூடாது, இப்போதே காரில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுபோய் அவன் அம்மா பக்கத்தில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று சிவமலர் முடிவு பண்ணினாள். இந்த வேலியைத் தாண்டிவிட்டால் போதும். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"கெளம்பு வாசு. நான் கூட்டிட்டுப் போறேன்."

"பெரட்டு முடிஞ்சிரட்டும் மிஸ். காலையிலயே லேட்டு. சாயந்திரமும் இல்லன்னா என் பேரும் போயிரும். அம்மா திரும்பி வர்றதுக்கு ஒரு வூடாச்சும் இருக்கணும்ல."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் ஒத்துக்கொண்டாள். அதற்காக அவள் தன்னை மன்னிக்க வழி இல்லாமல் போயிற்று.

பொழுது சாயும் முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. பெண்கள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகையின் முன்னால் கூடினார்கள். இரண்டு முழத்துக்கு அப்பால் நிற்கிறவள் யாரென்று தெரியவில்லை. சிவமலர் இராஜம்மாவின் பக்கத்தில் போய் நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மாரியாயி பேரைக் கூப்பிட்டா இன்னைக்கிச் சும்மா இருங்க. வீட்டுக்கு நான் பொறுப்பு. சத்தியமா."

இராஜம்மா அவளை வினோதமாகப் பார்த்தாள். ஆனாலும் தலையாட்டினாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. பாலசுந்தரத்தின் குரல் புகைக்குள் எங்கிருந்தோ, எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

"தங்கமணி."

"இருக்கேன்."

"இராஜம்மா."

"இருக்கேன் சார்."

"மாரியாயி."

சிவமலர் மணிக்கட்டை இறுக்கினாள். இராஜம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். யாரோ இருமப் போய், அதை அடக்கினார்கள். ஒலிபெருக்கி இரைந்துகொண்டே காத்திருந்தது.

வாய்க்கால் பக்கமிருந்து, தெளிவாக, கொஞ்சம் களைத்த குரலில் பதில் வந்தது.

"இருக்கேன்."

இராஜம்மா சிவமலரின் பக்கம் திரும்பினாள். "நான் இல்ல மிஸ்" என்று முனகினாள். "முருகா, நான் சொல்லல."

"அம்மா?" என்றான் வாசு.

சிவமலர் அவன் சட்டையைப் பிடிக்கத் தாவினாள். துணி விரலில் பட்டது, நழுவியது. "வாசு, போகாதே! அது அவங்க இல்ல!" அவன் காதில் எதுவும் விழவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடந்துவிட்டு வந்தவன். அம்மாவின் குரல் கேட்டுவிட்டது. சரளைக் கற்களில் அவன் பூட்ஸ் சத்தம் ஓடியது, மங்கியது, நின்றது.

அவன் பின்னால் ஓடினால் அவனைத் தேடவே முடியாது. புகையில் அவளும்தான் தொலைவாள். திரையில் தேடலாம். தகட்டின் முன்னால் ஆள் நடந்தால் நிழல் விழும், நிழல் விழுந்த இடத்தில் மின்சாரம் குறையும். அவள் அலுவலகப் படியில் பாய்ந்து ஏறினாள்.

பாலசுந்தரம் மைக்கின் முன்னால் அமைதியாக உட்கார்ந்திருந்தார். திரையில் மாரியாயி வரிசை முழு உயரத்துக்கு நின்றது. சிவமலர் அதைத் தகடு தகடாக விரித்துப் பார்த்தாள். இந்த முனைத் தகட்டில் ஒரு சரிவு. அடுத்த தகட்டில். அடுத்ததில். யாரோ வரிசையோரமாக உள்ளே உள்ளே நடந்துபோகிறார்கள். வாசு.

அந்த முனையிலிருந்து இன்னொரு சரிவு கிளம்பி அவனை நோக்கி வந்தது.

"வரிசையை நிப்பாட்டுங்க சார். மெயின் சுவிட்ச். இப்பவே."

"என்ன கதை கதைக்கிறீர்? இண்டைக்கு முழுக்க எங்களுக்கு வந்த மின்சாரமே அந்த ஒரு வரிசையில இருந்துதான்."

"அங்க ஆள் இருக்கு சார்!"

"ஆள் எல்லாரும் வெளியில நிக்கினம். பெரட்டு நடக்குது, கேக்கேல்லையோ?"

இரண்டு சரிவுகளும் ஒரே தகட்டில் வந்து சேர்ந்தன. ஒன்றாயின. அப்புறம் அசையவில்லை.

பாலசுந்தரம் மைக்கை இழுத்துக்கொண்டார். "வாசு."

சிவமலர் சன்னலில் போய் விழுந்தாள். காதைத் தீட்டிக்கொண்டாள். சொல்லுடா. எங்கேயிருந்தாவது, உன் வாயாலேயே சொல்லிவிடடா.

"வாசு!" என்றார் அவர் மறுபடி. "காலமையும் இல்லை. பின்னேரமும் இல்லையெண்டால் வெட்டிவிடுவன்."

புகைக்குள்ளிருந்து பெரிய குரல் ஒன்று, பதறியடித்து, அன்பாக, கூவியது.

"இருக்கான் சார்! வாசு இருக்கான்!"

இராஜம்மா.

திரையில் மாரியாயி வரிசைக்குப் பக்கத்து வரிசையின் பட்டை நடுங்கியது. எழுந்தது. விறுவிறுவென்று மேலே ஏறி, விளிம்பைத் தொட்டு நின்றது.

"பார்த்தீரோ?" என்றார் பாலசுந்தரம். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். "இன்னொண்டும் எழும்பிட்டுது."

சிவமலர் ஓடினாள். படியில் வழுக்கினாள், முழங்கால் கிழிந்தது, எழுந்து ஓடினாள். வழியில் இராஜம்மாவின் பெரிய உடம்பு மோதியது. அவளைப் பிடித்து உலுக்கினாள்.

"வாசு பேருக்கு இனிமே வாயைத் தொறக்காதீங்க அக்கா! என்ன ஆனாலும்!"

"அவன் பேரு போயிருமேன்னுதான் மிஸ்..." இராஜம்மா அழுதாள். "சொல்லல. சாமி சத்தியமா இனி சொல்லல."

வரிசைகளுக்கு நடுவே ஓடினாள். மூச்சு எரிந்தது. ரீங்காரம் இப்போது இரண்டு பெட்டியிலிருந்து. கிட்ட வந்தது. இன்னும் கிட்ட. காலடியில் கிடந்த சரளையில் அவள் நிழல் விழ ஆரம்பித்தது. மேலே இருட்டு. தரையில் நிழல்.

இரண்டாவதாக எழுந்த வரிசையின் முன்னால் வாசு முழங்கால் போட்டிருந்தான்.

தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெறும் கையால். மேலும் கீழும், மேலும் கீழும். கண்ணாடி கொதித்தது. அவன் உள்ளங்கை வைத்த இடமெல்லாம் சின்னதாக ஆவி எழுந்தது. முகத்தில் ஒரு பக்கம் கறுத்துக் காய்ந்து, காதோரம் தோல் சுருண்டிருந்தது. கண் அவளைப் பார்த்தது. அடையாளம் தெரிந்துகொண்டது. உள்ளே அவன் இருந்தான்.

"வாசு!"

அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"இருக்கேன்" என்றது அவன் குரல். அடுத்த வரிசையிலிருந்து.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கவே கூடாது. அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. வேர் பிடித்த கனம். "வாடா, வாடா தம்பி, அம்மா காத்திருக்காங்கடா." இன்னொரு இழுப்பு. கை கண்ணாடியை விட்டது. ஒரு தகடு தாண்டினாள். இன்னொன்று. கன்னத்தில் உறைத்தது. தோல் இறுகியது. இழுத்தாள். கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே இழுத்தாள்.

வரிசையின் முனை தெரிந்தது. அதற்கப்பால் வெறும் புகை. குளிர்ந்த, அழுக்கான, நல்ல புகை. சூடு குறைந்தது. நிழல் வெளிறியது. அவள் கைக்குள் வாசுவின் மார்பு ஏறி இறங்கியது. தொண்டையில் ஒரு கரகரப்பு.

"மி..." என்றான். "மிஸ்..."

அவன் குரல். அவன் வாயிலிருந்து.

சிவமலருக்கு அழுகை பீறிட்டது. இன்னும் கொஞ்சம். இன்னும் நாலு எட்டு.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"சிவமலர்." பாலசுந்தரம் அப்போதும் இரையவில்லை. "உத்தரவு இல்லாமல் எங்க போனீர்? இருக்கிறீரோ, இல்லையோ?"

இரு, சொல்கிறேன் என்று மூச்சை இழுத்தாள். புகை நெஞ்சில் அடைத்தது. இருமல். இருமல் நிற்கவில்லை.

"கடைசித் தரம் கூப்பிடுறன். சிவமலர். இல்லையெண்டால் நாளைக்கு வரத் தேவையில்லை."

இருமலுக்கு நடுவே அவளுக்குப் புரிந்தது. வாசு பேருக்கு என்றுதானே சொன்னோம். வாசு பேருக்கு மட்டும்தானே சொன்னோம். ஐயோ. அக்கா, வேண்டாம். அக்கா—

"இருக்காங்க சார்!" கொட்டகைப் பக்கமிருந்து இராஜம்மாவின் குரல் ஓங்கி, வாஞ்சையோடு வந்தது. "மிஸ் இங்கதான் இருக்காங்க!"

இருமல் நின்றது.

பட்டென்று நின்றது. சிவமலர் கத்தினாள். வாய் திறந்திருந்தது, நரம்பு புடைத்தது, காதில் ஒன்றும் விழவில்லை.

பின்னால், மூன்றாவது பெட்டி ஓட ஆரம்பித்தது.

"இருக்கேன்" என்று அவள் குரல் நிதானமாகச் சொன்னது. அவள் பிறந்து வளர்ந்த பேச்சின் அதே சாயலோடு. வெகு பக்கத்தில்.

பிடரியில் வெயில் விழுந்தது. வாசுவைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தாமாகப் பிரிந்தன. அவன் சரளையில் விழுந்து, அவள் காலைப் பிடித்துக்கொள்ளப் பார்த்து, பிடிக்காமல், வாய் பிளந்து, தன் வரிசைக்குத் தவழ்ந்து திரும்பினான். அவள் கைகள் முன்னால் நீண்டன. கண்ணாடி காத்திருந்தது. அதில் அவள் நிழல் கறுப்பாக, கூர்மையாகக் கிடந்தது. உள்ளங்கைகள் கொதிக்கிற கண்ணாடியில் அழுந்தி, சாம்பலைத் துடைக்கத் தொடங்கின.